கடைமடைப் பள்ளிக்கு ஒரு தண்ணீர்ப் பாடம்

திருத்துறைப்பூண்டி பக்கம் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் 7, 8ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: “தண்ணீர்ப் பயன்பாடு, சிக்கனம், உலகத் தண்ணீர்ப் பிரச்சினை மூன்றையும் சேர்த்து நடத்தச் சொல்கிறார்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்காதீர்கள் என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ‘வாய்க்கால்ல வந்தா முங்கிக் குளிக்கிறோம், வரலன்னா வரல. இதுல என்னத்த டீச்சர் மிச்சம் புடிக்கிறது?’ என்கிறான் ஒருவன். எங்கிருந்து தொடங்குவது?”

அந்தப் பையனிடமிருந்தே தொடங்கலாம் டீச்சர். அவன் சொன்னதில் பாதிப் பாடம் இருக்கிறது. காவிரி டெல்டாவில் தண்ணீர் என்பது எப்போது வரும், எவ்வளவு வரும், யாரைத் தாண்டி வரும் என்ற மூன்று கேள்விகள்தான். நம் பாடப் புத்தகங்களும் சுவரொட்டிகளும் அதை ஒழுக்கப் பாடமாக்கி வைத்திருக்கின்றன. சொட்டும் குழாய், அழும் பூமி, ‘நீரின்றி அமையாது உலகு’, கீழே ஒரு ஆச்சரியக்குறி. பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிகள் கூப்பிட்டால் போய்ப் பேசுவதும் உண்டு. கணக்குப் போட வைத்தால் பிள்ளைகள் விழித்துக்கொள்கிறார்கள், உபதேசம் செய்தால் தூங்கிவிடுகிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆகவே நான் சொல்வதெல்லாம் கணக்கு வழியாகத்தான் இருக்கும்.

முதலில் அந்தச் சொட்டும் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுகும் குழாயின் கீழே டம்ளரை வைத்து, எத்தனை நிமிஷத்தில் நிரம்புகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நாள் ஒன்றுக்கு 20 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, ஒரு ஏக்கர் வயலில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்த எவ்வளவு வேண்டும்? ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஓர் அங்குலம் இரண்டரை சென்டிமீட்டர். பெருக்கினால் சுமார் 1 லட்சம் லிட்டர். அந்தக் குழாய் 13 வருஷத்துக்கு மேல் இடைவிடாமல் சொட்டினால்தான் ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் நிற்கும். இந்த விடை வந்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். ‘அப்போ குழாயை மூட வேண்டாமா?’ என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். குழாய்த் தண்ணீர் சுத்திகரித்து, குளோரின் போட்டு, கரண்ட் செலவழித்து வரும் தண்ணீர். காவிரி, கொள்ளிடத்து மணலுக்கு அடியிலிருந்து எடுத்து வேதாரண்யம் வரைக்கும், இன்னொரு பக்கம் ராமநாதபுரம் வரைக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்கள் போகின்றன. ஆகக் குழாயை மூடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் வேறு. இரண்டையும் பிரித்துச் சொன்னால் பிள்ளைகள் நம்மை நம்புவார்கள்.

அளவுகளை இங்கேயே பழக்கிவிடுங்கள். ‘மேட்டூருக்கு வரத்து இவ்வளவு கன அடி, இருப்பு இவ்வளவு டி.எம்.சி.’ என்று தினமும் செய்தியில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், ஒரு கன அடி எவ்வளவு என்று கேட்டால் விழிப்பார்கள். ஆசிரியர்களிலும் பல பேர் விழிப்பார்கள், அது வேறு விஷயம். ஒரு கன அடி 28.3 லிட்டர், அதாவது குளிக்கிற வாளியில் ஏறக்குறைய இரண்டு. வினாடிக்கு ஒரு கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் இரண்டு வாளி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, 2,831 கோடி லிட்டர். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க விட்டால் ஒரு டி.எம்.சி. தீரும். இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் செய்தித்தாள் முழுக்கக் கணக்குத்தான்.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. முழுக் கொள்ளளவு 120 அடியில் 93.47 டி.எம்.சி. வினாடிக்கு 12,000 கன அடி வீதம் திறந்தால், வரத்தே இல்லாதபோது எத்தனை நாள் வரும்? எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்: தொண்ணூறு நாள் வரும். குறுவை நெல்லுக்கு நாற்றங்கால் தொடங்கி அறுவடை வரை 105 முதல் 120 நாள். பின்னால் சம்பா, தாளடி நெல் பருவங்களும் இருக்கின்றன. அப்போ அணை நிரம்பியிருந்தாலே போதாது, மேலிருந்து வரத்தும் வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழையும் வேண்டும் என்பது நாம் சொல்லாமலே தெரிந்துவிடும். இன்னொரு கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 120 அடிக்கு 93 டி.எம்.சி. என்றால் 60 அடிக்கு எவ்வளவு? எல்லோரும் 46, 47 என்பார்கள். உண்மையில் சுமார் 25தான். ஏன் என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். அணையின் அடி குறுகல், மேலே போகப் போக அகலம் என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்.

இனி வாய்க்காலுக்கு வருவோம். நான் ரொம்ப நேரம் ஒதுக்கச் சொல்வது இதற்குத்தான். டெல்டாவில் ஒரு வசதி, பள்ளி திறப்பதும் தண்ணீர் திறப்பதும் ஒரே மாதம். வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12இல் திறக்கும், ஜனவரி 28இல் மூடும். உலக தண்ணீர் தினம் மார்ச் 22. அன்றைக்கு ஊர்வலம் போகும் பிள்ளைகள் பக்கத்தில் ஆறு மணலாகக் கிடக்கும். ஊர்வலத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, பாடத்தை ஜூனுக்கு மாற்றுங்கள் என்கிறேன். மேட்டூரில் திறந்த அன்று வகுப்புச் சுவரில் ஒரு படம் ஒட்டுங்கள்: மேட்டூர், முக்கொம்பு, கல்லணை, வெண்ணாறு, நீடாமங்கலம் மூணாறு தலைப்பு, அங்கிருந்து பிரியும் ஆறுகள், கடைசியில் உங்கள் ஊர், அதற்கப்பால் கடல். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் கல்லணையை 15, 16 தேதி வாக்கில் திறப்பார்கள். அதற்குப் பிறகு உங்கள் ஊர் மதகுக்கு எந்தத் தேதி, எந்த நேரத்தில் வந்தது என்று பிள்ளைகளே குறிக்கட்டும். அந்த ஊரில் சித்தி வீடு, இந்த ஊரில் மாமா வீடு என்று போன் போட்டு ‘அங்க வந்துடுச்சா?’ என்று கேட்டு எழுதட்டும். ஒரு வருஷத்துத் தேதியை அடுத்த வருஷத்து வகுப்பு எடுத்து ஒப்பிடலாம். நாலைந்து வருஷம் போனால் அந்த நோட்டு எங்கள் அலுவலகப் பதிவேட்டுக்குச் சமானம்.

தண்ணீர் வந்த பிறகு அளக்க வேண்டும். இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். நேராகப் போகிற, புல் பூண்டு இல்லாத வாய்க்கால் ஒன்றில் பத்து மீட்டர் தூரத்துக்கு இரண்டு குச்சி நட்டு, ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டு, முதல் குச்சியிலிருந்து இரண்டாவதுக்குப் போக எத்தனை வினாடி என்று பாருங்கள். 25 வினாடி என்று வையுங்கள். மேல்மட்ட வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். அடியில் மண் உரசுவதால் அங்கே வேகம் குறைவு, ஆகவே 0.85ஆல் பெருக்கினால் 0.34. வாய்க்கால் அகலம் 2 மீட்டர், ஆழம் அரை மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு ஒரு சதுர மீட்டர். ஆக வினாடிக்கு 340 லிட்டர், 12 கன அடி. கரை சாய்வாக இருந்தால் மேல் அகலத்தையும் அடி அகலத்தையும் சராசரி எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளை இறக்க வேண்டாம். ஆழம் பார்ப்பது பெரியவர்கள் வேலை. நீந்தத் தெரிந்த ஆள் இருவர், வாய்க்காலைத் தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும். மதகு பக்கம் சுழல் இருக்கும், அங்கே போகவே கூடாது. தண்ணீர் வந்த முதல் வாரத்தில் கரை இளகியிருக்கும் என்பதால் அந்த வாரம் தவிர்ப்பது நல்லது.

அதே வாய்க்காலில் ஒரு கிலோமீட்டர் கீழே போய் மறுபடி அளந்து பாருங்கள். மேலே 12 இருந்தது கீழே 8 என்று வரும். நாலு எங்கே போனது? வழியில் எத்தனை மடை திறந்திருந்தது, எத்தனை இன்ஜின் போட்டிருந்தார்கள், எங்கே எலி வளை வழியாகக் கசிந்தது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்துத் தேங்கி நின்றது என்று நடந்து பார்த்து எழுத வைக்கலாம். இந்த ஒரு நடையில் பாசன இழப்பு, தூர்வாரல், நீர்ப் பங்கீடு எல்லாம் வந்துவிடும். மண்ணுக்குள் இறங்கியதெல்லாம் வீணானதில்லை, பக்கத்துப் போர்வெல்லில் ஏறி வருவதும் அதுதான் என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மழை நாளில் வகுப்புக்குள் நடத்த ஒரு விளையாட்டு. 20 லிட்டர் தண்ணீர், வரிசையாகப் பத்துப் பேர், ஒவ்வொருவருக்கும் வயலுக்குத் தேவை 2 லிட்டர். மொத்தம் சரியாக இருக்கிறது. முதல் சுற்றில் குடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாமல், முன்னால் நிற்பவர் வேண்டியதை எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தரட்டும். எவரும் 2 லிட்டரோடு நிறுத்த மாட்டார். ‘நாளைக்கு வருமோ வராதோ’ என்று கூடவே ஒரு சொம்பு எடுப்பார். கடைசி இரண்டு மூன்று பேருக்குக் குடம் காலியாக வரும். அடுத்த சுற்றில் முறை வையுங்கள். மேட்டூரில் இருப்புக் குறையும்போது நாங்கள் முறைப்பாசனம் வைப்பது இப்படித்தான், இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு என்று. யார் காவல், யார் கணக்கு, திருடினால் என்ன தண்டனை, கடைசி ஆளுக்கு முதலில் கொடுத்தால் என்ன என்று அவர்களே விதி எழுதட்டும். கிராமத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்த காலத்தைப் பற்றித் தாத்தாக்களிடம் கேட்டுவரச் சொல்லலாம். எந்த மடையை எப்போது திறப்பது என்பது அவர் பொறுப்பு. அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள்.

இந்த விளையாட்டு முடிந்த கையோடு உலகத்துக்குப் போய்விடலாம். நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இது: உலகத்தின் பெரிய ஆற்றுச் சண்டைகள் எல்லாம் தலைமடை, கடைமடைச் சண்டைகள்தான், அதாவது தண்ணீர் முதலில் வந்து சேரும் இடத்துக்கும் கடைசியில் வந்து சேரும் இடத்துக்கும் நடக்கும் சண்டைகள். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் கடைமடைப் பிள்ளைகள். நகரத்துப் பள்ளியில் படம் காட்டிப் புரியவைக்க வேண்டியதை இவர்கள் அப்பாக்கள் ராத்திரியில் டார்ச் லைட்டோடு மதகுக்குப் போவதைப் பார்த்தே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

காவிரி வழக்கையே முதலில் எடுங்கள். சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் 1892, 1924. நடுவர் மன்றம் அமைந்தது 1990. இறுதித் தீர்ப்பு 2007. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பிப்ரவரி 2018. மொத்தம் 740 டி.எம்.சி.யில் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மாநில எல்லையில் ஆற்று நீரை அளக்கும் இடமான பில்லிகுண்டுலுவில் கர்நாடகம் நமக்கு விட வேண்டியது சாதாரண ஆண்டில் 177.25. நடுவர் மன்றம் தந்திருந்த 192ஐ உச்ச நீதிமன்றம் 14.75 குறைத்தது. அதில் 10 டி.எம்.சி. நம் டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததற்காக, 4.75 பெங்களூரு குடிநீருக்காக. இந்த எண்களைப் பலகையில் எழுதி, கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 726தான் வரும். மீதி 14 எங்கே? 10 சுற்றுச்சூழலுக்கு, 4 கடலுக்குப் போவதைத் தவிர்க்க முடியாதது என்று ஒதுக்கியது. பிள்ளைகளில் ஒருவரைக் கர்நாடகத்து மண்டியா விவசாயியாகவும் ஒருவரைப் பெங்களூரு குடித்தனக்காரராகவும் பேச வைக்காமல் இந்தப் பாடத்தை முடிக்காதீர்கள். அந்தப் பக்கம் பேசுகிற பிள்ளைக்குத்தான் வாதம் நன்றாக வரும், நான் பார்த்தது அது. சொந்த ஊர் வாய்க்காலிலேயே தலைமடைக்காரர் நம் மாமாவாக இருக்கும்போது, பெரிய ஆற்றிலும் மேலே இருப்பவர் பகையாளி இல்லை என்பது பிள்ளைகளுக்குச் சீக்கிரம் புரியும்.

அந்த 14 டி.எம்.சி. ஒரு நல்ல வாசல். ‘காவிரி வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வார்கள், மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். அதில் பாதிதான் சரி. 2018ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் நிரம்பி வழிந்து, வெள்ளம் கொள்ளிடத்தில் திரும்பிக் கடலுக்குப் போனது. ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. 1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய அணை அது. அந்த வருஷம் கடலுக்கு அவ்வளவு போயும் கடைமடை வாய்க்கால்களில் பல இடங்களில் தண்ணீர் ஏறவில்லை. வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் மேலே எவ்வளவு வந்தாலும் கீழே இவ்வளவுதான் வரும். இது நிஜமான வீண். ஆனால் கடலுக்கு ஒரு சொட்டும் போகக்கூடாது என்பது டெல்டாவுக்கே கேடு. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில் நிற்கிறது. ஆறு கொண்டுவரும் வண்டலால் உண்டானதுதான் நம் நிலமே. ஆறு வராவிட்டால் கடல் வரும்.

கடல் எப்படி வருகிறது என்பதை உங்கள் ஊரிலேயே அளக்கலாம். தண்ணீர் சுத்திகரிப்பான் விற்கிறவர்கள் வைத்திருக்கும், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. பிள்ளைகள் வீட்டு அடிபம்பு, போர்வெல், குளம், வாய்க்கால் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரட்டும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கடல் நீரில் சுமார் 35,000. வந்த எண்களை ஊர் வரைபடத்தில் புள்ளி வைத்துக் குறித்தால், தெற்கே கடலைப் பார்க்கப் போகப் போக எண் எப்படி மாறுகிறது என்று தெரியும். போர்வெல் ஆழத்தையும் கூட எழுதச் சொல்லுங்கள், சில இடங்களில் மேல்தண்ணீர் நன்றாக இருந்து கீழ்த்தண்ணீர் உப்பாக இருக்கும். மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் குளத்துத் தண்ணீர் எண் குறைவாக வந்தது என்று யாராவது குடித்துவைப்பார்கள். நன்னீர் உப்புநீரை விட லேசு, அதன் மேல் மிதக்கும். கடலோர மணலில் நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியில் உப்புநீர் ஏறத்தாழ 40 அடி ஏறும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் பழைய கணக்கு. இறால் பண்ணையும் போர்வெல்லும் மணல் அள்ளுவதும் ஏன் ஒரே பேச்சில் வருகின்றன என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

இதற்குப் பக்கத்திலேயே மெக்காங் டெல்டாவை வையுங்கள். வியட்நாமில் அதுவும் நெல் விளையும் பூமி, அங்கும் மேலே பல நாடுகளில் அணைகள், ஆற்றில் மணல் எடுப்பு, ஏறிவரும் கடல். 2016இலும் 2020இலும் உப்புநீர் உள்ளே ஏறி நெல் கருகியது. படத்தில் ஊர்ப் பெயரை மறைத்துக் காட்டினால் நாகப்பட்டினம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். மத்திய ஆசியாவில் ஆரல் கடல் இன்னொரு விதம். 1960களில் இருந்து அமு தர்யா, சிர் தர்யா ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பியதில், உலகத்தின் நாலாவது பெரிய ஏரியாக இருந்தது பெரும்பகுதி வறண்டது. திருவாரூர் மாவட்டத்தில் சம்பாவுக்குப் பிறகு கோடைப் பருத்தி போடுகிற வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், பருத்திக்கு எத்தனை தண்ணீர் கட்டுகிறார்கள் என்று கேட்டுவரட்டும். ஒரு டி-சர்ட்டுக்குப் பருத்தி விளைவதிலிருந்து சாயம் வரை சுமார் 2,700 லிட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் கலந்து, 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைப் பாழாக்கியது. நொய்யல் காவிரியில்தான் வந்து சேர்கிறது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை கதையாகவே நடத்தலாம்.

தண்ணீர் தீர்ந்துபோகும் நிலைக்கு வந்த இரண்டு நகரங்கள், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் 2018, சென்னை 2019, இரண்டும் ஒரே வகுப்பில் முடியும். அங்கே ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு. இங்கே ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர். 50 லிட்டரில் ஒரு நாள் வாழ்ந்துகாட்டச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு சவால். ஆனால் தெருக்குழாயில் குடம் பிடிக்கும் வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே அதற்கும் கீழே வாழ்ந்துகொண்டிருக்கலாம், அதனால் யார் வீட்டில் எவ்வளவு என்று பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். யார் தண்ணீர் எடுத்துவருகிறார்கள், எவ்வளவு நேரம் என்ற கேள்வி மட்டும் அவசியம். அம்மா, அக்கா என்றே எல்லாத் தாளிலும் வரும், அதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

உங்கள் பகுதிக்கென்றே ஒரு வாய்ப்பு உண்டு. வகுப்பில் அப்பாவோ மாமாவோ சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகள் சிலராவது இருப்பார்கள். வீடியோ காலில் ‘நீங்க குடிக்கிற தண்ணி எங்கேர்ந்து வருது?’ என்று கேட்டு எழுதிவரட்டும். துபாய், குவைத் பக்கம் என்றால் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள் என்பது வரும், அதற்கு ஆகும் எரிபொருள் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. சிங்கப்பூர் என்றால் மலேசியாவின் ஜோகூரிலிருந்து குழாயில் வருவது, 1962 ஒப்பந்தம் 2061 வரை இருப்பது, 2003 முதல் கழிவுநீரையே சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது எல்லாம் வரும். கழிவுநீர் என்றதும் முகம் சுளிப்பார்கள். நம் ஊர் ஆற்றில் மேலே உள்ள ஊர்ச் சாக்கடை எங்கே கலக்கிறது என்று கேளுங்கள், சுளிப்பு நிற்கும்.

நெல்லைப் பற்றி கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரி 2,500 லிட்டர் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது, வயலுக்கு வயல் பெரிய வித்தியாசம் உண்டு. உலகம் எடுக்கும் நன்னீரில் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. பொருளுக்குள் ஒளிந்துபோகும் இந்தத் தண்ணீரை ‘மறைநீர்’ என்கிறோம். அந்தக் கருத்தைக் கொண்டுவந்த டோனி ஆலனுக்கு 2008இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு கிடைத்தது. உலகத்திலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்வது இந்தியா. இதையெல்லாம் வரிசையாகச் சொன்னால் ‘எங்கப்பாதான் தண்ணியை வீணாக்குறாரா?’ என்று ஒரு பிள்ளை மனசுக்குள் கேட்கும். அந்த 2,500இல் கணிசமான பங்கு மண்ணுக்குள் இறங்கி நிலத்தடியில் சேர்வது. களிமண் பூமியில், மழைக்காலத்தில், வடிகாலே பிரச்சினையாக இருக்கும் இடத்தில் நெல்லைத் தவிர என்ன போடுவது என்ற கேள்வியும் உண்டு.

அதனால் குற்றம் சொல்வதை விட்டுக் குழாய் ஒன்றை வயலில் பதியுங்கள். ஒரு அடி நீளம் பி.வி.சி. குழாய், கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை. துளைப் பாதி மண்ணுக்குள், மீதி வெளியே. உள்ளே உள்ள சேற்றைத் தோண்டி எடுத்துவிட்டால் மண்ணுக்கு அடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். வயல் காய்ந்து, குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி 5 சென்டிமீட்டர் கட்டினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் சமயமும் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். நம் விவசாயத் துறைக்காரர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வது இதைத்தான். 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சம் என்கிறார்கள், சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறையும். ஆனால் கடைமடை விவசாயி ஏன் வயலில் தேக்கிவைக்கிறார் என்றால், அடுத்த தண்ணீர் எப்போது என்று தெரியாது. தேதி நிச்சயமாக இருந்தால்தான் காயப்போட மனசு வரும். இதைப் பிள்ளைகள் அப்பாக்களிடம் பேட்டி எடுத்தால் நம்மை விடத் தெளிவாக எழுதிவருவார்கள். கூடவே தை மாசத்தில் சம்பா அறுப்புக்கு முன்னால் வயலில் உளுந்து தெளிப்பதையும் கேட்கட்டும். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும், ஒரு தண்ணீர்கூடக் கட்டாமல் விளையும் பயிர் அது. நீர்ச் சிக்கனம் பற்றி வெளியூர்க்காரர்கள் நமக்குப் பாடம் எடுக்கும்போது இதைச் சொல்லிவைக்கலாம்.

குளத்தை விட்டுவிட்டேன். திருவாரூர்ப் பக்கம் ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி’ என்பார்கள். வேலி ஒன்று சுமார் 6.67 ஏக்கர். அந்தக் கோயில் குளமான கமலாலயத்தில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் எத்தனை லிட்டர்? 13 கோடிக்கு மேல். உங்கள் ஊர்க் குளத்துக்கு இதே கணக்கைப் போட்டு, அதற்குத் தண்ணீர் வரும் வழி இன்றைக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வழியில் ஒரு வீடோ கடையோ இருக்கும். யாருடையது என்று வகுப்பில் விவாதம் வேண்டாம், உங்களுக்கு வீண் வம்பு.

தேர்வுக்கு ‘நீரைச் சேமிக்கும் வழிகள் ஐந்து எழுதுக’ என்று கேட்காதீர்கள். நான் இப்படிக் கேட்பேன்: ஜூன் 12. மேட்டூரில் இன்ன அடி, இன்ன டி.எம்.சி., வரத்து இவ்வளவு. திறப்பதா, தள்ளிப்போடுவதா? உங்கள் முடிவுக்கு எண்களோடு காரணம் காட்டுக. பிறகு நிஜத்தில் நடந்த இரண்டு வருஷத்தைக் கொடுத்து ஒப்பிட வையுங்கள். 2023இல் ஜூன் 12இலேயே திறந்தார்கள். மேலிருந்து வரத்துக் குறைந்து கடைமடையில் குறுவை காய்ந்தது, அக்டோபரிலேயே பாசனத்துக்கு மூட வேண்டி வந்தது. 2024இல் ஜூன் 12 அன்று நீர்மட்டம் 50 அடிக்கும் கீழே, திறக்கவில்லை. ஜூலையில் வெள்ளம் வந்து நீர்மட்டம் மளமளவென்று ஏற, ஜூலை 28இல் திறந்தார்கள், அந்த மாதக் கடைசியில் அணை நிரம்பியது. திறப்பேன் என்று எழுதியவருக்கும் மாட்டேன் என்று எழுதியவருக்கும் முழு மதிப்பெண் போடலாம், கணக்குச் சரியாக இருந்தால். அன்றாட நீர்மட்டமும் வரத்தும் தினசரிகளில் வருகின்றன, ஜூன் முதல் தேதியிலிருந்தே ஒரு பிள்ளையை எழுதப் போட்டுவிடுங்கள்.